பொன்னாடை வேண்டாம், கொசு முட்டையோடு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசிரியருக்கு ஓர் ஆசிரியை எழுதும் கடிதம் இது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பிப்ரவரி கடைசி வந்தால் உங்கள் நாளிதழில் (உங்களுடையதில் மட்டுமா, எல்லாவற்றிலும்தான்) ஒரு படம் வரும். மேடை, பின்னால் பேனர், நடுவில் பொன்னாடை போர்த்திய ஒரு விஞ்ஞானி, இரண்டு பக்கமும் தலைமை ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நான்கு மாணவிகள். கீழே "மாணவர்களுடன் விஞ்ஞானி கலந்துரையாடல்" என்று போட்டிருக்கும். அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்படி ஒரு படத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் தேசிய அறிவியல் தினத்துக்கு ஒரு மூத்த விஞ்ஞானியை அழைத்தோம். உண்மையிலேயே நல்ல மனிதர். மூன்று மணி நேரம் சொந்தக் காரில் வந்தார், பெட்ரோல் காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை. அறுநூறு பிள்ளைகளை வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தோம், அந்த மரம் முந்நூறு பேருக்குத்தான் நிழல் தரும். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் சேர்த்து இரண்டே கால் மணி நேரம், அதில் அவர் பேசியது ஐம்பது நிமிடம். வெயில் வெளிச்சத்தில் புரொஜக்டர் படம் திரையில் சரியாகத் தெரியவில்லை, தெரிந்த வரைக்கும் ஆங்கிலம். கனவு காணுங்கள், கடுமையாக உழையுங்கள், செல்போனைத் தள்ளி வையுங்கள் என்று பேசினார். கடைசியில் கேள்வி நேரம். ஒரு பெண் எழுந்து "ஐயா, விஞ்ஞானி ஆவதற்கு நாங்கள் என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டாள், ஒரு பையன் எழுந்து "தங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டான். இரண்டு கேள்வியையும் முதல் நாள் சாயங்காலம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

மறுநாள் வகுப்பில், நேற்று வந்தவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். "ராக்கெட் விடறாரு மிஸ்" என்றார்கள். அவர் ராக்கெட் விடுகிறவர் இல்லை. முப்பது வருடமாக இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி ஆராய்கிறவர்.

எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது. எங்கள் பள்ளியில் ஜன்னல் கம்பியில் ஆரம்பித்து, அண்ணன் ஓட்டித் தம்பிக்கு வந்த அரசு சைக்கிள் வரைக்கும் துருப்பிடிக்காத சாமான் ஒன்று கிடையாது. கைப்பம்பு இருக்கும் இடத்தில் கம்பி சீக்கிரம் அரிக்கிறது, பத்தடி தள்ளி இருப்பது அப்படியே இருக்கிறது. அது ஏன் என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் அரை நாள் பேசியிருப்பார். கேட்க விடவில்லை. "மாணவர்களுக்கு ஊக்கமளிக்கும் வகையில் உரையாற்ற" என்று அழைப்புக் கடிதத்தில் நாங்கள்தான் எழுதியிருந்தோம், அவரும் மரியாதையாக ஊக்கமளித்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது இன்னொரு நாள். சென்ற வருடம் ஜூலையில் ஒரு புதன்கிழமை, என் பழைய மாணவி ஒருத்தியின் தோழி பள்ளிக்கு வந்தாள். கொசுவைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிற பெண், வயது இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். விடுப்பு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, தோளில் ஒரு துணிப்பை. பேனர் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்திரண்டு பேர், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள், அதற்குள் கைக்குட்டை அகலத்துக்கு வெள்ளைத் தாள், தாளின் நடுவே மிளகைப் பொடித்துத் தூவிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"இது என்ன?"

அழுக்கு, மை, எறும்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் என்றாள். முன்வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. பயப்படாதீர்கள், சூட்டில் வைத்துக் கொன்றுவிட்டுத்தான் கொண்டுவந்தேன், பொரிக்காது என்றதும் திரும்ப முன்னால் வந்துவிட்டார்கள், இந்த முறை மூக்கு இடிக்கும் தூரத்துக்கு. லென்சில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, இரண்டு முனையும் கூம்பிய கறுப்பு விதை மாதிரி இருந்தது. ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டை போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும், அது காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறி நனைந்தால் பொரிக்கும் என்றாள். அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வகுப்பில் நான் பெயர் சொல்லி எழுப்பினால்கூட வாயைத் திறக்காதவள், தானாகக் கேட்டாள்: "அப்போ எங்கம்மா தண்ணியக் கொட்டிட்டு டிரம்மக் கவுத்து வைக்கிறாங்களே, அதுல முட்டை போகாதாக்கா?"

போகாது, சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். பாடப்புத்தகத்தில் டெங்கு இருக்கிறது, நானும் பத்து வருடமாக நடத்துகிறேன், "தேங்கிய நீரை அகற்ற வேண்டும்" என்பதோடு என் வேலை முடிந்துவிடும். இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அடுத்து அவள் "லார்வா" என்று ஆரம்பித்தாள். பிள்ளைகள் முழித்தார்கள். நெளியும், தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும் என்று கையை ஆட்டிக் காட்டியதும் ஒருவன் "அது கூத்தாடிக்கா" என்றான். அந்தச் சொல்லை அவள் கேள்விப்பட்டதில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புப் பையன் சொன்ன ஒரு சொல்லை ஆராய்ச்சி செய்கிறவர் நோட்டில் எழுதுகிறார் என்பது அந்த வகுப்புக்கு என்ன செய்தது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. அதற்கப்புறம் யாரும் கை தூக்கவில்லை, நேராகப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

தன் ஆராய்ச்சி என்ன என்பதையும் சொன்னாள். தொட்டியில் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள் இல்லையா, அதற்குச் சாகாத கொசுப்புழுக்கள் வர ஆரம்பித்துவிட்டனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. இதைக் கேட்டதும் ஒரு பெண் "எங்கம்மா டெங்கு மஸ்தூர்க்கா, அவங்கதான் ஊத்துவாங்க" என்றாள். (வீடு வீடாகப் போய்த் தொட்டியைப் பார்க்கிற தற்காலிகப் பணியாளர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.) எவ்வளவு ஊற்றுவார்கள், எதால் அளப்பார்கள் என்று இவள் கேட்க, மூடியால் என்று அந்தப் பெண் சொல்ல, எந்த மூடி, எவ்வளவு பெரிசு, சின்னத் தொட்டிக்கும் பெரிய தொட்டிக்கும் ஒரே அளவா என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. அளவு குறைந்தால் புழு சாகாமல் பிழைத்து, மருந்தைத் தாங்கும் புழுவாகப் பெருகும் அல்லவா, அதனால் அவளுக்கு அந்த மூடி முக்கியம். கலந்துரையாடல் என்று பேப்பரில் போடுகிறார்களே, அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக ஒன்றைப் பார்த்தேன்.

அப்புறம் தன் தோல்வியைச் சொன்னாள். ஏழு மாதம் வளர்த்த கொசுக்கள் ஒரே வாரத்தில் காலி. எறும்பு ஏறிவிட்டது. "தட்டுல தண்ணி ஊத்தி அது நடுவுல வைக்கலாம்ல? எங்க ஆயா பால அப்படித்தான் வைக்கும்" என்றான் ஒருவன். "அப்படித்தான் வெச்சிருந்தோம், கூண்டோட ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிண்ணம். தண்ணி காய்ஞ்சுபோனது பொங்கல் லீவுல" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன், இப்போதும் முடியவில்லை, முடிவு எப்படி வரும் என்றும் தெரியாது என்று சாதாரணமாகச் சொன்னாள். ஆராய்ச்சி என்றால் முடிவு தெரியாமல் இருப்பது என்பதை இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பரிசோதனை என்றால் செய்முறை நோட்டில் முதலிலேயே விடை எழுதிவைத்துவிட்டுச் செய்வது.

இதைத்தான் கேட்கிறேன். விஞ்ஞானிகள் தங்கள் சாதனையைக் கொண்டுவர வேண்டாம், இன்றைக்கு மேஜை மேல் பாதியில் கிடக்கிற வேலையைக் கொண்டுவாருங்கள். சந்திரயான்-3 திட்டத்தின் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர், அவர்களுக்கு முன்னே மயில்சாமி அண்ணாதுரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் காலையில் அலுவலகம் போய் என்ன செய்தார்கள் என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பதினாலு வயசுக்கு "நீயும் ஒரு நாள் ஆகலாம்" என்ற பேச்சு சீக்கிரம் அலுத்துவிடும். அந்த வயதில் ஏமாற்றுகிற பேச்சை மோப்பம் பிடிக்கிற மூக்கு நமக்கெல்லாம் இருந்ததே, மறந்துவிட்டோம்.

இதெல்லாம் புது யோசனை ஒன்றும் இல்லை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825லேயே இளையவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவைத் தொடங்கிவிட்டார்கள், மைக்கேல் ஃபாரடே மட்டும் 19 வருடம் அதில் பேசியிருக்கிறார், ஒரு வருடம் ஆறு சொற்பொழிவும் ஒரு மெழுகுவத்தியை வைத்தே. அவர் கொல்லன் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் 1812ல் வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் பேச்சைக் கேட்கப் போனவர், கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்டு போட்டு டேவிக்கு அனுப்பி, அடுத்த வருடம் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தார். நம்ம சி.வி.ராமன் 80 வயதில், 1968ல், அகமதாபாத்தில் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று போய்ப் பேசியிருக்கிறார். அவர் 1928 பிப்ரவரி 28ல் 'ராமன் விளைவை'க் கண்டுபிடித்ததைக் கொண்டாடத்தான் 1987லிருந்து அறிவியல் தினம். அதை நாம் பேனராக்கி வைத்திருக்கிறோம்.

நம்மிடம் ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980லிருந்து இருக்கிறது, அவர்களுடைய 'துளிர்' இதழ் 1987லிருந்து வருகிறது, நானே அதை வைத்துத்தான் பாதிப் பாடம் எடுக்கிறேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993லிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து தங்கள் மொழியிலேயே எழுதலாம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று அரையாண்டு விடுமுறையிலும் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்து, கூடவே நின்ற தன்னார்வலர்களை நான் அறிவேன். அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கி, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பரிசோதனைகளைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம், ஆனால் அது ஆறிலிருந்து எட்டு வரைக்கும். ஒன்பதாம் வகுப்பு வந்ததும், அதாவது பதினொன்றில் எந்தக் குரூப் எடுப்பது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்குகிற வேளையில், கதவு மூடிக்கொள்கிறது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தார் 2016லிருந்து மியூசிக் அகாடமியில் வருடா வருடம் அறிவியல் உரைகள் நடத்துகிறார்கள். அருமையான காரியம். எங்கள் பிள்ளைகளுக்கு அது பஸ்சில் நாலைந்து மணி நேரம், அப்புறம் ஆங்கிலம்.

அந்தக் கொசுப் பெண்ணிடம் விடுப்பு போட்டு ஏன் வந்தாய், இதை வேலையாகக் கணக்கில் எடுக்க மாட்டார்களா என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022 மே மாதம் 'அறிவியல் சமூகப் பொறுப்பு' என்று வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அறிவியல் துறையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்குக் குறைந்தது 10 நாள் தங்கள் அறிவைச் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், பணி மதிப்பீட்டிலும் அதற்கு இடம் தர வேண்டும் என்கிறது. வருடத்துக்குப் பத்து நாள்! ஒருவர் இரண்டு பள்ளியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஐந்து முறை வரலாம். இதை எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் இது என் பத்து நாளில் ஒரு நாள் என்று சொல்லிக்கொண்டு எங்கள் பள்ளி வாசலில் வந்து இறங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வந்தவள் ஒருத்தி, அவளும் விடுப்பில் வந்தாள், மறுநாள் அவள் வழிகாட்டி கேட்ட கேள்வி "கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது?" என்பதாம்.

பள்ளித் தரப்பிலும் கோளாறு இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2024ல் சென்னை அரசுப் பள்ளியில் ஒருவர் வந்து முன்ஜென்மப் பாவம் அது இது என்று பேசி நாடே பேசியது அல்லவா, அதற்குப் பிறகு வெளியாளை உள்ளே விட எந்தத் தலைமை ஆசிரியரும் தயங்குகிறார். தயக்கம் நியாயமானது, அன்றைக்கு அந்தப் பள்ளியில் எல்லோர் முன்னாலும் எதிர்த்துக் கேட்ட ஆசிரியருக்கு என் மரியாதை. ஆனால் கொசு முட்டையோடு வருகிற பெண்ணுக்கும் அதே கோப்பு, அதே கையெழுத்து, அதே காத்திருப்பு என்றால் எப்படி? எங்கள் ஹெச்.எம். நல்லவர், மூன்று வாரத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். பக்கத்துப் பள்ளியில் ஒரு கல்வியாண்டே போய்விட்டது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிறுவனங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு பட்டியல் வைத்து, வருடத் தொடக்கத்திலேயே ஒரே கையெழுத்தில் முடித்துவிடலாமே.

விஞ்ஞானிகளிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இயக்குநர் வர வேண்டியதில்லை, ஆராய்ச்சி மாணவரை அனுப்புங்கள். பிள்ளைகள் அவர்களை ஐயா என்று கூப்பிட மாட்டார்கள், அக்கா அண்ணா என்பார்கள், அந்த ஒரு சொல் மாறினாலே கேள்வி வந்துவிடும். தமிழில் சொல்ல வரவில்லை என்று கூச்சப்படாதீர்கள். சுத்தமான கலைச்சொல் யாரும் கேட்கவில்லை, உங்களுக்குத் தெரியாத சொல் பிள்ளைகளிடம் இருக்கும், கூத்தாடி மாதிரி. அறுநூறு பேருக்கு ஒரு தடவை பேசுவதைவிட முப்பது பேரோடு இரண்டு தடவை உட்காருங்கள். இரண்டாவது தடவைதான் முக்கியம். முதல் தடவை நீங்கள் விருந்தாளி, பிள்ளைகள் உங்களை வேடிக்கை பார்ப்பார்கள், திரும்பி வந்தால்தான் நம்புவார்கள். கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டும். வானியல்காரர்கள் என்ன செய்வார்கள் என்றால், எங்கள் மாவட்டத்தை ஒட்டி ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 1977ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள இடம். ஒரு சனிக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். அன்று மேகம் மூடி ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. மேகம் வந்தா என்ன பண்ணுவீங்க என்று பிள்ளைகள் கேட்க, அங்கிருந்தவர் "டீ குடிப்போம், மறுபடி வெளியே போய்ப் பார்ப்போம், மறுபடி டீ" என்றார். திரும்பி வருகையில் வண்டி முழுக்க அதே பேச்சு.

கொசுப் பெண் போகும்போது ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனாள். ஆறு கொட்டாங்குச்சி, உள்பக்கம் கரும்பலகைக்கு வாங்கிய கறுப்பு பெயிண்ட், பாதி தண்ணீர், தண்ணீர் மட்டத்தில் பழைய வேட்டித் துணிக் கீற்று ஒன்று. பள்ளியின் ஆறு மூலையில் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் துணியை எடுத்து லென்சில் முட்டையை எண்ண வேண்டும், எண்ணி முடித்ததும் துணியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, கொட்டாங்குச்சியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது, தவறினால் நாமே கொசு வளர்க்கிறோம் என்று ஆகிவிடும். பீரோவில் பூட்டிக் கிடந்த லென்சுகள் வெளியே வந்தன. கழிப்பறை ஓரத்தில்தான் நிறைய வரும் என்று எல்லோரும் பந்தயம் கட்டினார்கள். முதல் வாரம் அங்கே ஒன்றுமில்லை, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் 43. போன் போட்டுச் சொன்னோம். ஏன் என்று அவள் சொல்லவில்லை, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினோரு வாரம் எண்ணினார்கள், மழை பெய்த நாட்களையும் பக்கத்தில் குறித்துவைத்தார்கள். அந்த நோட்டு என் மேஜையில் இருக்கிறது.

அவள் இப்போது ஆய்வேட்டை முடிக்கிற அவசரத்தில் இருக்கிறாள், வரவில்லை. அக்கா எப்ப வருவாங்க என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்கள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை மதியம் கடைசி இரண்டு பாடவேளை எங்களிடம் காலியாக இருக்கிறது. துரு, மண், எறும்பு, நட்சத்திரம், எதுவானாலும் சரி. திருவண்ணாமலை பேருந்து நிலையத்திலிருந்து காலை 10.20க்கு நேர் பஸ் உண்டு, அதை விட்டால் ஒரு மணிக்குத்தான். மேடை போட மாட்டோம், அதற்கு நான் பொறுப்பு. சத்துணவுதான் சாப்பாடு, முட்டை உண்டு.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.